பக்கத்து வீட்டு எண்

ஓர் ஓட்டையால் நன்மை அடைந்துகொண்டிருக்கும் மக்களிடம் போய், அதை அடைக்கப் போகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மலேசியாவின் கிள்ளானில் இந்தக் கேள்வியைச் சுற்றி எங்கள் குழு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தது. இணையம் வழியாகத் தொலைபேசி அழைப்புகளை விடுக்கும் ஒரு மென்பொருளை நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறோம். விலை கிடையாது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில், கடலூரில் இயங்கும் ஒரு பெண்கள் அமைப்பு, கொள்ளிடக் கரையிலுள்ள ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை சொல்ல அதை எடுத்துக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்தால் அந்தக் கணினி ஒவ்வொரு வீட்டையும் அழைத்து, பதிவு செய்த குரலில் செய்தியைச் சொல்லும். குறுஞ்செய்தி படிக்காதவர்களுக்கும் குரல் போய்ச் சேரும் என்பதே அதன் பெருமை.

முகம் தெரியாத ஒரு மாணவர் எங்களுக்கு எழுதினார். எண்ணுக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் எண் அல்லாத எதையாவது எழுதினால், மென்பொருள் அதைச் சோதிக்காமல் அழைப்பு இயந்திரத்துக்குக் கட்டளையாகவே கொடுத்துவிடுகிறது என்றார். அதாவது, பதிவு செய்ய வரும் எவரும் தம் எண்ணோடு சேர்த்து ஓர் உத்தரவையும் உள்ளே நுழைத்துவிடலாம். அவர் சொன்னது உண்மை. திருத்தமும் சிறியது: பெட்டியில் இலக்கங்களைத் தவிர வேறெதுவும் இருந்தால் மறுத்துவிட வேண்டும். அதை எழுதி முடித்துக் கடலூர்ப் பதிவுகளின் நகலில் ஓட்டிப் பார்த்தபோதுதான் திகைத்தோம். குமராட்சிப் பக்கத்து ஊர்கள் ஏறக்குறைய எல்லாமே மறுக்கப்பட்டன. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு எண்கள். நடுவில், கடைப் பலகைகளில் ‘அண்ட் சன்ஸ்’ என்பதன் ‘அண்ட்’டுக்குப் போடுவார்களே, அந்தக் குறி. எங்கள் இயந்திரத்துக்கு அந்தக் குறியின் பொருள், ‘இதையும் சேர்த்து அழை’. யாரும் கற்றுக்கொடுக்காமலே அந்த ஊர்கள் ஓட்டையைக் கண்டுபிடித்துக் குடியேறியிருந்தன.

கடலூர் அமைப்பின் பொறுப்பாளர் ரெஜினா அக்காவை அழைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "இது ஆத்துல தண்ணி வர்ற சீசன்மா. நீ வந்து பாத்துட்டு அப்புறமா மூடு."

அதனால் புறப்பட்டேன்.

கடலூரில் முதல் நாள் மஞ்சக்குப்பத்தில் ரெஜினா அக்கா வீட்டில் சாப்பாடு. சங்கரா மீன் குழம்பு. கிள்ளானில் நாங்களும் மீன் குழம்பு வைக்கிறோம். ஆனால் எங்கள் புளி தயக்கத்தோடு வரும், இங்கே அது நேராக வந்து தோளில் கை போடுகிறது. நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து அவர் கணவர், "மலேசியாவுல மொளகா வெளையாதா?" என்று கேட்டார். விளையும் என்றேன். "அப்ப ஏன் அழுவுற?" என்றார்.

அமைப்பின் அலுவலகம் ஒரு தையல் பயிற்சி அறையின் பின்பாதி. மேசையில் ஒரு பழைய கணினி, அதற்கு மேல் மின்விசிறி, இரண்டில் ஒன்றுதான் ஓடும், கணினிக்கே முன்னுரிமை. எங்கள் மென்பொருள் உலகில் எங்கெங்கோ பயன்படுகிறது என்று அறிக்கைகளில் எழுதியிருக்கிறோம். அதை ஒரு மேசையின் மேல், தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே, மூடுதுணி போட்டுப் பாதுகாப்பாக வைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.  

மறுநாள் தனியாகச் சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினேன். ரெஜினா அக்கா மாலையில் வருவதாக ஏற்பாடு. சிப்காட் நிறுத்தத்தில் இரவு வேலை முடிந்த ஆட்கள் ஏறி, உட்கார்ந்தவுடன் உறங்கினார்கள். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி அடியில் பார்த்தார்; நடத்துநர் அவரைப் பார்த்தார்; நாங்கள் இருவரையும் பார்த்தோம். பின்னால் வரும் வண்டியில் ஏற்றிவிடுகிறோம், டிக்கெட்டைக் காட்டினால் போதும் என்று அறிவிப்பு வந்தது.

நான் டிக்கெட்டை வாங்கியவுடனே கசக்கி எறிந்திருந்தேன். கிள்ளானில் ரயிலுக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு மறந்துவிடும் பழக்கம். புது வண்டியின் நடத்துநர் கையை நீட்டினார். நான் விழித்தேன். என் பக்கத்து இருக்கையில் கருவாட்டுக் கூடையோடு வந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"என்கூட வந்த பொண்ணுதான்யா. ஏறட்டும் வுடு."

"டிக்கெட்டு எங்கம்மா?"

"அதான் என்கிட்ட இருக்குதே. என்னய தெரியும்ல உனக்கு? நான் சொல்றேன்ல?"

நடத்துநருக்கு அவரைத் தெரிந்திருந்தது. நான் ஏறினேன். அந்த அம்மாளின் பெயர் பாக்கியம். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குக் கருவாடு கொண்டுபோகிறார். நன்றி சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், அடுத்த முறை வந்தால் கூப்பிடச் சொல்லி எண் கொடுத்தார். எழுதி முடித்துக் கைப்பேசியை மூடப் போனேன்.

"இரு, இரு. பக்கத்து வூட்டு தேவி நம்பரும் எழுதிக்கோ. நம்மளது எப்ப சார்ஜி இருக்கும், எப்ப பேரன் கையில இருக்கும்னு யாரு கண்டா? தேவிகிட்ட சொன்னா என்கிட்ட சொன்ன மாதிரி."

எழுதிக்கொண்டேன். இரண்டு எண்கள், ஒரே பெயரின் கீழ். என் கைப்பேசியும் ஒரு பெயருக்கு ஓர் எண்ணைத்தான் முதலில் கேட்டது. இரண்டாவதைச் சேர்க்க இடம் தேட வேண்டியிருந்தது. கிள்ளானில் நாங்கள் ‘தவறான உள்ளீடு’ என்று பெயரிட்டிருந்தது உண்மையில் என்னவென்று அந்தப் பேருந்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இந்தப் பக்கத்தில் ஓர் ஆளின் எண் என்பது ஓர் எண் அல்ல.

சிதம்பரத்தில் கீழ வீதியில் ஓர் எளிய விடுதி. காலையில் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு. அதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், எழுதமாட்டேன், ஏனென்றால் சாப்பிடும்போது எந்தக் குறிப்பும் எடுக்கவில்லை. பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்தூரும்மா நீங்க? சிலோனா?" என்றார். மலேசியா என்றேன். "தமிழ் நல்லா பேசறீங்களே" என்று பாராட்டிவிட்டு, இன்னொரு கரண்டி கொத்சு ஊற்றினார். அந்தப் பாராட்டு ஊரில் கிடைத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கொத்சுக்காகப் பொறுத்தேன்.

ரெஜினா அக்காவும் நானும் குமராட்சிக்கு மினி பஸ்ஸில் போனோம். குறுவை அறுவடை முடிந்த நேரம். சாலையின் பாதியில் நெல் காய்ந்தது. வண்டி மறுபாதியில் மரியாதையாக ஒதுங்கிப் போனது. நடத்துநர் மதியழகன், முப்பது வயதுக்காரர், அந்தப் பக்கத்து ஊர்களுக்கு எச்சரிக்கை அமைப்பின் தொண்டரும் அவரே. எண்களைப் பதிவு செய்தவரும் அவரே. ஏறுபவர் எல்லோரும் அவருக்கு மாமா அல்லது மச்சான்.

ரெஜினா அக்கா என்னை அறிமுகப்படுத்தினார். "மதி, இவுங்கதான் அந்த சாப்ட்வேர் ஆளு."

மதியின் முகம் மலர்ந்தது. "அக்கா, நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன், சொன்னாங்களா? ரெண்டு நம்பர் போடணும். கமா போட்டேன், அடிக்கல. கோடு போட்டேன், அடிக்கல. கடைசியில ‘அண்ட்’ போட்டேன் பாருங்க! டெஸ்ட் பண்ணா ரெண்டு வூட்லயும் மணி அடிக்குது. நம்ம ஆத்தோரம் பூரா அப்படியே போட்டுட்டேன்."

பல ஆண்டுகளாக எங்களில் எவரும் காணாததை அவர் மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்திருந்தார். அதை அடைக்க வந்தவள் நான். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கூட்டம், ஆற்றங்கரைக்கு உட்புறமாகத் தாழ்ந்திருக்கும் படுகைக் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில். வெள்ளம் முதலில் தொடுவது இந்த வீடுகளைத்தான். தண்ணீர் மேலே திறக்கப்பட்டபின் கரையேற இவர்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம். ஆடு மாடுகளையும் மூட்டைகளையும் அதற்குள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் வயல் வேலை முடித்து வந்த பெண்கள்.

விஷயத்தைச் சொன்னேன். மதியின் முகம் இறுகியது.

"ரெண்டு வூட்டுக்கு மணி அடிக்கிறது தப்பாக்கா?"

"தப்பில்லை. ஆனால் உங்களுக்குத் திறந்த அந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது."

"யாரு வரப்போறா இங்க? எங்க ஊரு நம்பர வச்சு எவன் இன்னா பண்ணுவான்?"

வார்த்தையால் விளக்கிப் பயனில்லை என்று தெரிந்தது. சோதனை அழைப்பு என்று எல்லா ஊர்களுக்கும் ரெஜினா அக்கா காலையிலேயே சொல்லியிருந்தார். ஆற்றிலும் அன்று அபாயமில்லை. எல்லோரும் தங்கள் கைப்பேசிகளைக் கூடத்தின் நடுவே பாயில் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன். வைத்தார்கள். ரப்பர் பேண்ட் சுற்றியவை, மஞ்சள் தடவியவை, சாமி படம் ஒட்டியவை. பிறகு என் கைப்பேசியிலிருந்து, ஊர் பேர் தெரியாத புது ஆளாக, எவரும் பதிவு செய்யும் அதே பக்கத்தில் பதிவு செய்தேன். எண் பெட்டியில் நான் எழுதியதை இங்கே முழுமையாக எழுதமாட்டேன். பழைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்கள் எங்காவது இருக்கக்கூடும். சாரம் இதுதான்: எச்சரிக்கைக் கணினி தன் சொந்த எண்ணையே திரும்பத் திரும்ப அழைக்கும்படி எழுதினேன். அந்தக் கணினியால் ஒரே நேரத்தில் சில அழைப்புகளையே தாங்க முடியும்.

ரெஜினா அக்கா தம் கைப்பேசி வழியாகச் சோதனையைத் தொடங்கினார். நாங்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு கைப்பேசியும் அடிக்கவில்லை.

யாரோ ஒருவர் தம்முடையதைத் தூக்கிப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்லித் திரும்ப வைத்தார். இன்னும் சிறிது நேரம். அடிக்கவில்லை.

"இன்னா பண்ணுது அது?" என்று கேட்டார் கோவிந்தம்மா என்ற பெண்.

"தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கூப்பிடுவதும் அதுதான், கூப்பிடப்படுவதும் அதுதான். எல்லா வழிகளும் நிறைந்துவிட்டன. உங்களுக்கு இடமில்லை."

"கல்யாண வூட்டுக்காரன் தனக்கே பத்திரிகை வச்சுக்கினு மொத பந்தியில உக்காந்துட்டான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூடம் சிரித்தது. மதி சிரிக்கவில்லை. பாயின் மேல் குனிந்து தன் கைப்பேசியை எடுத்து, திரையைச் சட்டையில் துடைத்தார்.

"மூடிடுங்கக்கா" என்றார்.

"மூடலாம். அதற்கு முன் உங்கள் இரண்டாவது எண்ணுக்கு முறையாக இன்னொரு பெட்டி செய்து தருகிறேன். இனி இரண்டு வீட்டுக்கும் தனித்தனி அழைப்பு வரும். இப்போது போல ஒருவர் எடுத்ததும் மற்றவருக்கு மணி நின்றுவிடாது."

எல்லோருக்கும் மகிழ்ச்சி அளிக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். கோவிந்தம்மா எழுந்துவிட்டார்.

"அது வாணாம். இப்ப இருக்கிற மாதிரி, நான் எடுத்தா அவளுக்கு நிக்கணும்."

‘அவள்’ என்பது பக்கத்து வீட்டு அஞ்சலை. கோவிந்தம்மாவின் தம்பி மனைவி. ஒரு வேலித் தகராறில் தொடங்கி இருவருக்கும் நெடுநாளாகப் பேச்சு இல்லை என்று ரெஜினா அக்கா என் காதில் சொன்னார். இருவரின் எண்களும் ஒரே பெட்டியில் இருந்தன. மதி வீட்டு வரிசைப்படி போட்டுவிட்டார். தகராறைக் கேட்டுப் போடவில்லை.

"ஏன் நிற்க வேண்டும்?"

"நின்னாதான் நான் ஓடுவேன். எடுத்தவதான் போய் கதவ தட்டணும்னு எங்க தெருவுல பேச்சு. அவளுக்கும் தனியா அடிக்கும்னா நான் எதுக்கு எந்திரிக்கணும்? அவளுக்கும் அடிச்சிருக்கும்னு வுட்ருவேன். அவ போனு பரண் மேல கெடக்கும். தண்ணி வந்து எழுப்பும்."

இப்போது அஞ்சலை எழுந்தார். கோவிந்தம்மாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துப் பேசினார்.

"அவுங்க எடுத்துட்டு வந்து சொல்லலன்னா? எனக்கு மணியும் நின்னுபோயிருக்கும். யாரு மேல கேஸ் போடறது?"

"ஏண்டி, போன வருசம் உன் கதவ எவ தட்டுனா?"

"தட்டுனது நெசம். எந்த வேகத்துல தட்டுனீங்கன்னு கதவக் கேளுங்க. தாப்பா கழண்டுபோச்சு, அண்ணி."

நாத்தனாரைக் கூப்பிடும் அந்த ‘அண்ணி’ விழுந்ததும் தலைகள் எல்லாம் அஞ்சலையின் பக்கம் திரும்பின. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

நான் அந்த இரைச்சலில் எழுதிக்கொண்டிருந்தேன். இருவர் சொன்னதும் சரி. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு வடிவம் கிடைத்தது. முதலில் எடுப்பவருக்குச் செய்தி போகட்டும். மற்றவருக்கு மணி நிற்கட்டும். ஆனால் எடுத்தவர் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுத் தம் கைப்பேசியில் ‘ஒன்று’ என்ற இலக்கத்தை அமுக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் அமுக்காவிட்டால் இயந்திரம் மற்ற வீட்டை அழைத்துவிடும். இதைப் படித்துக் காட்டினேன்.

"அப்படின்னா சரி" என்றார் கோவிந்தம்மா.

"அப்படின்னா சரி" என்றார் அஞ்சலை, சுவரைப் பார்த்து.

அடுத்து வந்த நாள்கள் கீழ வீதி விடுதி அறையில் கழிந்தன. மின்சாரம் போனால் எழுந்து கொத்சு சாப்பிடப் போவேன், வந்தால் திரும்புவேன். கிள்ளானிலிருந்து நான் எழுதுவதைச் சரிபார்த்தவள் என் தோழி மெய் லிங். அவள் மலாயில் கேட்டது தமிழில் இப்படி வரும்: "முதல் வீடு எடுத்தால் இரண்டாவது வீட்டின் மணியை ஏன் நிறுத்துகிறாய்? பார்த்தால் பிழை போல இருக்கிறதே." நிரலை எழுதுவதற்கு எடுத்ததைவிட, அந்தத் தெருவின் பேச்சை அவளுக்கு விளக்க அதிக நேரம் எடுத்தது. விளங்கியபின் அவளே அந்த வரிக்கு ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தாள். பிறகு, "இதை எல்லோருக்குமான பதிப்பிலேயே வைத்துவிடலாம்" என்றாள்.

மதி ஒவ்வொரு ஊராகப் போய், தான் குறி போட்டுச் சேர்த்த எண்களைப் பிரித்து இரண்டாவது பெட்டியில் வைத்தார். பஸ் ஓடும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்கே. ஒரு வீட்டையும் விடவில்லை. என் விஷமப் பதிவை நீக்கிய பழைய பதிப்பையும் கடலூரில் தயாராகவே வைத்திருந்தோம். புதியதில் சோதனை ஓட்டமும் ஒருமுறை சரியாக நடந்தது. ஒருமுறைதான்.

கடலூருக்குத் திரும்பச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன், பிற்பகல். கடலூர் அலுவலகத்திலிருந்து ரெஜினா அக்காவின் அழைப்பு.

"கீழணையில தண்ணி ஜாஸ்தியா தொறந்துட்டாங்க. அறிவிப்பு வந்துடுச்சு. சொல்லு, பழசுல அடிக்கவா, புதுசுல அடிக்கவா?"

பழையது ஓட்டை உள்ளது. ஆனால் பல வெள்ளங்களைப் பார்த்தது. புதியது உறுதியானது; ஆனால் ஒரு வெள்ளத்தையும் பார்த்ததில்லை. புதியதில் நான் அறியாத ஏதாவது தவறியிருந்தால், அதன் விலையைக் கொடுப்பது நானல்ல. பாயின் மேல் அடிக்காமல் கிடந்த கைப்பேசிகள் நினைவுக்கு வந்தன. திறந்திருப்பது தெரிந்தும் அந்த வழியை இன்னொரு நாள் விட்டுவைக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

"புதுசு, அக்கா. லைனிலேயே இருங்கள். தவறினால் உடனே பழையதுக்கு மாற்றிவிடலாம்."

கடலூர் பேருந்து வந்தது, போனது. அவர் திரையைப் படித்துக்கொண்டே வந்தார்.

"அடிக்குது... எடுக்கறாங்க... ஒண்ணு அமுக்கிட்டாங்க, இன்னொரு வூடு அமுக்கிட்டாங்க... படுகைக்கு வருது. கோவிந்தம்மா எடுத்துட்டாங்க. அஞ்சலைக்கு நின்னுடுச்சு."

"அமுக்கினார்களா?"

"இன்னும் இல்ல."

பக்கத்தில் ஒருவர் வேர்க்கடலைப் பொட்டலம் நீட்டி வேண்டுமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன், எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று தெரியவில்லை, பொட்டலம் கையில் இருந்தது.

"இன்னும் இல்லம்மா. நேரம் முடியப்போவுது. அஞ்சலைக்கு அடிக்கப்போவுது... இரு." தையல் இயந்திரங்கள் நின்றுவிட்டிருந்தன, அந்தப் பக்கத்தில் எல்லோரும் திரையைச் சுற்றி நிற்கிறார்கள் என்று தெரிந்தது. "அமுக்கிட்டாங்க! கோவிந்தம்மா அமுக்கிட்டாங்க."

நான் பேருந்து நிலையத்தின் சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்தேன். கடலையைச் சாப்பிட்டேன்.

மாலை மங்குவதற்குள் படுகைத் தெரு முழுவதும் கரையேறிவிட்டது. தண்ணீர் அதற்குப் பிறகுதான் வாசல்களைத் தொட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து கோவிந்தம்மா மதியின் கைப்பேசியில் என்னை அழைத்தார். பின்னணியில் ஆடுகள்.

"ஒண்ணு அமுக்க லேட்டாயிடுச்சுன்னு ரெஜினா கத்துது. நான் இன்னாம்மா பண்ணுவேன்? இவ கதவ தெறந்துட்டு மூட்ட கட்டவே ஆரம்பிக்கல, என்கூட சண்டைக்கு நிக்கிறா. தாப்பாள மறுபடியும் ஒடச்சிட்டேனாம்."

"பொய்யி" என்று அருகிலிருந்து அஞ்சலையின் குரல். "சண்டையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அண்ணி ஆட்டயும் சேத்து நான்தான் புடிச்சாந்தேன்."

என் படிப்பும் என் வேலையும் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு இதுவரை நல்ல பதில் இருந்ததில்லை. அன்று கடைசிப் பேருந்தில் கடலூருக்குத் திரும்பும்போது இருந்தது. டிக்கெட்டையும் எறியாமல் வைத்திருந்தேன்.

எங்கள் மென்பொருளின் இப்போதைய பதிப்பில் எண் பெட்டி இலக்கங்களைத் தவிர எதையும் ஏற்பதில்லை. அதன் கீழே இரண்டாவது பெட்டி இருக்கிறது. கடலூரில் அதன் பெயர் ‘பக்கத்து வீடு’. கிள்ளானில் எங்கள் பகுதியின் வெள்ள எச்சரிக்கையும் இதே மென்பொருளில்தான் ஓடுகிறது; அங்கே அதே பெயர் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் இருக்கிறது. அதில் எழுத என்னிடம் எண் இல்லாததால், ஊர் திரும்பிய வாரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, திரு. லிம்மிடம் அவருடைய எண்ணை வாங்கினேன்.